ஒரு உருண்டை களி எத்தனை பாயிண்ட்?

விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு டயட் சார்ட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். லண்டன் சார்ட், சிட்னி சார்ட், அமெரிக்கா சார்ட் என்று கையில் வைத்துக்கொண்டு தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அம்மாக்கள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

பாலக்கோடு வாசகி: அம்மா, என் மகள் இங்கிலாந்தில் ஸ்லிம்மிங் வேர்ல்டு வகுப்புக்குப் போய் 9 கிலோ குறைத்துவிட்டாள். என் அண்ணன் மருமகள் நியூ ஜெர்சியில் வெயிட் வாட்சர்ஸ் செயலி வைத்திருக்கிறாள். ஒருத்தி, "உருளைக்கிழங்கை வேகவைத்து வயிறு நிறையத் தின்னு, பாலை மட்டும் அளந்து குடி" என்கிறாள். இன்னொருத்தி, "பாயிண்ட் எண்ணாமல் எதையும் வாயில் வைக்காதே" என்கிறாள். நான் இரண்டையும் கலந்து இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். ஒரு கிலோ ஏறிவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் பாலக்கோட்டில் இருப்பதுதான் சிக்கல்.

வெயிட் வாட்சர்ஸ் 1963இல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி ஆரம்பித்தது. ஸ்லிம்மிங் வேர்ல்டு 1969இல் இங்கிலாந்தின் டெர்பிஷையரில் ஆரம்பித்தது. முதலாவது, உணவுக்கு மதிப்பெண் போட்டு, நாளைக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று சொல்லும் முறை. இரண்டாவதில் சில உணவுகளுக்கு அளவே கிடையாது, வேகவைத்த உருளை அதில் ஒன்று. பால், பாலாடைக்கட்டிக்கு 'ஏ' என்றும், நார்ச்சத்துள்ள ரொட்டி, தானியத்துக்கு 'பி' என்றும் தனி ஒதுக்கீடு உண்டு. அதை அளந்துதான் எடுக்க வேண்டும். ஆக, உங்கள் மகள் சொன்னதில் பிழை இல்லை. ஒரு வீட்டுச் சாவியைக் கொண்டு இன்னொரு வீட்டுப் பூட்டைத் திறக்கப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

இதில் நான் உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. நீங்கள் என்ன பால் வாங்குகிறீர்கள்? உங்கள் மகள் அளக்கும் 'செமி ஸ்கிம்டு' பாலில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீங்கள் ஆரஞ்சு பாக்கெட்டைக் கிழித்து அதே அளவு குடித்தால் கொழுப்பு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. உங்கள் கடிதத்தில், "டீ கெட்டியாக இருந்தால்தான் எனக்கு இறங்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆரஞ்சு என்றுதான் சந்தேகிக்கிறேன்.

ஒரே நிறுவனத்தின் திட்டம்கூட நாட்டுக்கு நாடு மாறுவது உண்டு. காரணம் பெரிய ரகசியம் இல்லை. அந்தந்த ஊர்க் கடையில் கிடைக்கும் ரொட்டித் துண்டின் எடை வேறு, பாலின் கொழுப்பு வேறு, பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் கணக்கும் வேறு. ஐரோப்பாவில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கட்டாயம் போட வேண்டும். அமெரிக்காவில் ஒரு 'செர்விங்'குக்குப் போடுவார்கள். அந்த செர்விங் என்பது நாம் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற அறிவுரை அல்ல, மக்கள் வழக்கமாக ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்துச் சட்டப்படி முடிவு செய்தது. இது தெரியாமல், "பாக்கெட்டே இவ்வளவு சாப்பிடச் சொல்லுதே" என்று சொன்ன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

உருளைக்கிழங்கைப் பற்றி இன்னொரு வேடிக்கை. உங்கள் மகளின் வகுப்பில் அதற்கு அளவே இல்லை. அதே இங்கிலாந்தின் அரசு சுகாதாரத் துறை, தினமும் ஐந்து பங்கு காய் பழம் சாப்பிடுங்கள் என்று சொல்லும்போது உருளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது சோறு ரொட்டி வகை என்கிறது. அமெரிக்க அரசின் கணக்கில் உருளை காய்கறிதான். நீங்கள் உருளையைச் சோற்றோடு பொரியலாக வைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அப்படிச் சாப்பிடும்போது அதைச் சோறாகவே எண்ணுங்கள். ஏறிய ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிடிபடும்.

பென்னாகரம் வாசகர்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்கும் இருக்கிறது. அவர் சாப்பிடும் மாவுச்சத்தை 12 கிராம் ஒரு பங்கு என்று எண்ணுகிறார். அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் 15 என்று இருக்கிறது. இங்கிலாந்தில் 10 என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரவு களிதான். ஒரு உருண்டை களியை எத்தனை என்று எண்ணுவது?

பதில்: முப்பது வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் எனக்கு முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு சார்ட் இருந்தது. காலையில் இரண்டு ஸ்லைஸ் பிரெட், அரை கப் கார்ன்ஃபிளேக்ஸ், நான்கு அவுன்ஸ் ஆரஞ்சு ஜூஸ். யாரோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரிக்கு வரி எடுத்தது. புதிதாகச் சேர்ந்தவள், கேள்வி கேட்கத் தைரியம் இல்லை. அதையே அரூர் பக்கம் மரவள்ளி போடும் ஒரு விவசாயி கையில் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்து, "அந்தப் பிளேக்ஸ் எங்க ஊர்ல கிடைக்கலம்மா, அதுக்குப் பதிலா களியே தின்னேன்" என்றார். "எவ்வளவு?" என்று கேட்டேன். கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் குவித்த கை எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் தராசு வாங்கினேன்.

எங்கள் வீட்டில் மாமியார் களி கிண்டும்போது பக்கத்தில் நின்று அளந்தேன். 60 கிராம் அரிசி நொய்யை குண்டானில் குழைய வேகவிட்டார். 200 கிராம் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி வைத்தார். மாவு வெந்து நடுவில் ஆவி துளைத்துக்கொண்டு வந்ததும், குண்டானைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டினார். அப்புறம் ஈரக் கையால் தட்டில் போட்டு உருட்டி மூன்று உருண்டை. சூடாகத் தராசில் வைத்தால், "சாப்பாட்டை நிறுத்துப் பார்க்கிறாளே, தரித்திரம்" என்று முணுமுணுத்தார். ஒவ்வொன்றும் சுமார் 270 கிராம். பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

இப்போது கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து நீங்கலாக மாவுச்சத்து 66.8 கிராம், அரிசியில் 78. எங்கள் குண்டான் மொத்தத்தில் சுமார் 180 கிராம் மாவுச்சத்து. மூன்றாகப் பிரித்தால் உருண்டைக்கு 60. அமெரிக்க முறையில் 15ஆல் வகுத்தால் 4 பங்கு. உங்கள் மைத்துனர் முறையில் 12ஆல் வகுத்தால் 5. இங்கிலாந்து முறையில் 6. உருண்டை அதேதான். உங்கள் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையும் அதேதான்.

எனவே எதை வேண்டுமானாலும் எண்ணுங்கள், கலந்து எண்ணாதீர்கள். குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள். மருத்துவர், "ஒரு பங்குக்கு இவ்வளவு யூனிட்" என்று சொன்னால், "எத்தனை கிராம் பங்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 10 என்று நினைத்துச் சொன்னதை 15 என்று எடுத்துக்கொண்டால் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். திருப்பி நடந்தால் மருந்து ஒன்றரை மடங்காகிவிடும், தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். இதில் மட்டும் விளையாட வேண்டாம்.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பாக்கெட்டில் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்று போட்டிருந்தால் அதில் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய பாக்கெட்டில் நார்ச்சத்தைத் தனியாகக் காட்டுவார்கள். கேழ்வரகில் நார் 100 கிராமுக்கு 11 கிராம் இருக்கிறது. ஆகவே ஒரே மாவில் மாவுச்சத்து அமெரிக்கக் கணக்கில் 78, ஐரோப்பியக் கணக்கில் 67. அரிசியில் நார் குறைவு என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. களி சாப்பிடுகிற நமக்குத்தான் தெரியும்.

தர்மபுரி, பெயர் வேண்டாம் என்ற வாசகி: சிட்னியில் இருக்கும் பேரன் அனுப்பிய சார்ட்டில் ஒரு நாளைக்கு 8700 என்று இருக்கிறது. எனக்கு இங்கே 1500 கலோரிக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். பையன் என்னைக் கொல்லப் பார்க்கிறானா? அப்புறம் அவன் அப்பாவுக்குச் சர்க்கரை 7.2 என்கிறான். எனக்கு 130. ஏன் அவ்வளவு வித்தியாசம்?

பதில்: பேரன் நல்ல பையன்தான். 8700 என்பது கிலோஜூல். ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டிலும் உணவகப் பலகையிலும் கிலோஜூல்தான். 4.184ஆல் வகுத்தால் சுமார் 2080 கலோரி வரும். அதுவும் சராசரி ஆளுக்கு, உங்களுக்கு 1500 என்று சொன்னவர்களிடமே இருங்கள்.

சர்க்கரையை அங்கே மில்லிமோலில் சொல்வார்கள், இங்கே மில்லிகிராமில். 7.2ஐ 18ஆல் பெருக்குங்கள், 130 வரும். நீங்களும் மகனும் ஒரே படியில்தான் நிற்கிறீர்கள். வெறும் வயிற்றில் எடுத்ததாக இருந்தால் 126க்கு மேல் சர்க்கரை நோய்க் கணக்கு, அவர்கள் ஊரில் அது 7. இரண்டு பேரும் மருத்துவரைப் பாருங்கள்.

கிலோஜூலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் மேலே சொன்ன நம் ஹைதராபாத் அட்டவணையும் கிலோஜூலில்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில்தான் பிறந்தது, 1958இல்தான் ஹைதராபாத் போனது. நீலகிரிக் குளிரில் உட்கார்ந்து நம் உணவை ஒவ்வொன்றாக எரித்து அளந்திருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி வாசகர்: என் மனைவி 5 அடி 2 அங்குலம், 60 கிலோ. இங்கே டாக்டர் அதிக எடை என்கிறார். டெக்சாஸில் இருக்கும் மகன், "அம்மாவுக்கு பி.எம்.ஐ. 24 தான், நார்மல்" என்கிறான். வீட்டில் தினமும் இதே வாக்குவாதம்.

பதில்: டாக்டர் பக்கம் நிற்கிறேன். பி.எம்.ஐ., அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், 24.2 வருகிறது. உலக அளவில் 25க்கு மேல்தான் அதிக எடை. ஆனால் நம் உடம்பு வாகு வேறு. அதே எடையில் வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் கொழுப்பு கூட, தசை குறைவு, அதுவும் வயிற்றில் சேரும். அதனால் 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று வைத்தார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., ஆண்களுக்கு 90. அமெரிக்காவில் இதுவே 88, 102. மகனுடைய இடுப்பையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், வாக்குவாதம் தானாக நின்றுவிடும்.

காவேரிப்பட்டணம் வாசகி: மாம்பழ சீசனில் டயட் இருப்பது எப்படி? என் நாத்தனார் லண்டனில் இரண்டு கீற்று சாப்பிட்டுவிட்டு ஒரு பங்கு என்கிறாள்.

பதில்: மண்டி வாசலில் குடியிருக்கும் உங்களிடம் இரண்டு கீற்று என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. இங்கிலாந்தில் ஒரு பங்கு பழம் 80 கிராம். ஆஸ்திரேலியாவில் 150. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் பழம் 100 கிராம்.

நேற்று ஒரு செந்தூராவை நிறுத்தேன். முழுதாக 260 கிராம். தோலும் கொட்டையும் போக 175. ஆக ஒரே பழம் லண்டனில் இரண்டு பங்கு, சிட்னியில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் ஒன்றேமுக்கால் நாளைக்கு. பாதிப் பழம் சாப்பிடுங்கள், மீதியை வேறு யாருக்காவது கொடுங்கள். கொட்டையைச் சப்புவதை நான் கணக்கில் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம். மாங்கூழ் டப்பா வாங்கினால் சர்க்கரை சேர்த்ததா என்று பாருங்கள். சாறாகப் பிழிந்து குடித்தால் எவ்வளவு குடித்தாலும் இங்கிலாந்துக்காரர்கள் 150 மில்லிக்கு ஒரு பங்குதான் கொடுப்பார்கள், அந்த விஷயத்தில் அவர்கள் கறார்.

ஓசூர் வாசகர்: அமெரிக்காவில் தினமும் இரண்டு டிரிங்க் வரை பரவாயில்லை என்று சொல்லிவந்ததாகப் படித்தேன். நான் ஒரு குவார்ட்டர்தான். ஒரே ஒரு டிரிங்க் கணக்கில்தானே வரும்?

பதில்: வராது. 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் 61 கிராம். அமெரிக்க டிரிங்க் 14 கிராம், உங்கள் குவார்ட்டரில் அப்படி நான்குக்கு மேல் இருக்கிறது. இங்கிலாந்து யூனிட் 8 கிராம், அந்தக் கணக்கில் ஏழரை. அங்கே ஒரு வாரத்துக்கே 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்கிறார்கள். நீங்கள் ஒரு ராத்திரியில் அரை வாரத்தை முடித்துவிடுகிறீர்கள்.

காரிமங்கலம் வாசகி: அமெரிக்க சார்ட்டில் தினமும் மூன்று கப் பால் இருக்கிறது. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கால்சியத்துக்கு என்ன செய்வது? 250 கிராம் தானியம் என்று நம் நாட்டு அட்டவணையில் இருப்பது சோறா, அரிசியா?

பதில்: கடைசிக் கேள்வி முதலில். அது அரிசி, வேகாத எடை. சோறாகும்போது இரண்டரை மடங்குக்கு மேல் போகும். கேழ்வரகு, சாமை எல்லாம் அந்த 250க்குள்தான்.

மூன்று கப் என்பது 720 மில்லி. நம் அட்டவணையில் 300 மில்லிதான். தேவையே நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு கால்சியம் 700 மில்லிகிராம் போதும் என்கிறார்கள், அமெரிக்காவில் 1000, ஐம்பது தாண்டிய பெண்களுக்கு 1200. நாம் 2010இல் 600 என்று வைத்திருந்தோம், 2020இல் 1000 ஆக்கினோம். அதாவது பத்து வருடத்தில் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் பற்றாக்குறைக்காரர் ஆகிவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் ஊரில் இருந்துகொண்டு பாலுக்கு ஏன் கவலை? 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம், அரிசியில் பத்துகூட இல்லை. மேலே நிறுத்த களியில் ஒரு உருண்டைக்கு 240 சொச்சம். முழுதும் உடம்பில் ஒட்டாது, முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். கீரைக் கடைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். மோர் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள், பால் சேராத பலருக்கு மோர் சேரும். 2023இல் நம் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதை மாட்டுக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாட்டின் எலும்பு நன்றாக இருக்கும்.

மொரப்பூர் வாசகர்: போன இதழில் ஒரு டம்ளர் என்றால் 200 மில்லி என்று எழுதினீர்கள். எங்கள் வீட்டு டம்ளரில் அவ்வளவு பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் குப்பியால் ஊற்றிப் பார்த்தேன்.

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, நான் எழுதியது தப்பு. உலகத்தையெல்லாம் குறை சொல்லிவிட்டு என் வீட்டு அலமாரியைப் பார்க்கவில்லை. அமெரிக்க கப் 240, ஆஸ்திரேலிய கப் 250, ஜப்பான் கப் 200, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 என்று எனக்கு மனப்பாடம். ஆஸ்திரேலியாவில் ஒரு டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15, எண்ணெய் ஊற்றும்போது இது கவனம் என்று ஊருக்கெல்லாம் சொல்வேன். உங்கள் கடிதம் வந்த பிறகு எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். பதினொன்று இருந்தது, நான்கு அளவு. சீர்வரிசையில் வந்தது 240 பிடிக்கிறது. காபி டம்ளர் 110. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தது 150. என் கணவர் தினமும், "ஒரே டம்ளர் டீதான் குடிக்கிறேன்" என்று சொல்லிக் குடிப்பது 310.

தராசில் காலி டம்ளரை வைத்து பூஜ்யம் செய்துவிட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. அடியில் ஆணியால் கீறி எழுதி வையுங்கள், நான் எழுதிவிட்டேன்.